“சொன்னா கேக்க மாட்டாங்க”: பீடி பற்றிக் கேட்காத மிஸ்ஸிமாருக்கும் டொக்டர்மாருக்கும்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் பொறுப்புத் தாதியாக இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: “இருமல், பிரஷர், சீனி என்று வருகிற ஆம்பளைகளில் நிறையப் பேரிடம் பீடி வாடை அடிக்கிறது. எங்கள் டொக்டர்மாரும் சரி, தாதி மிஸ்ஸிமாரும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ‘சொன்னா கேக்க மாட்டாங்க, நேரமும் இல்லை’ என்கிறார்கள். இவர்களை எப்படிப் பேச வைப்பது? ஒரு டொக்டர் தானே கட்டிடத்துக்குப் பின்பக்கம் போய்ப் புகைக்கிறார். அதற்கு என்ன செய்வது?”

நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். பிறகு பதினெட்டு வருடம் மார்பு நோய் கிளினிக்குகளில் வேலை செய்தேன். அந்தப் பதினெட்டில் முதல் ஆறேழு வருடம் நானும் கேட்காமல் இருந்தவன்தான். அதனால் உங்கள் ஆட்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கண்ணால் பார்ப்பதை வைத்துத்தான் பேசுகிறார்கள். பீடியை விட்டவர் திரும்ப வருவதில்லை. இருமல் குறைந்து, மூச்சு இழைப்பு நின்று, மலைக்குப் போய்த் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருப்பார். விடாதவர்தான் மாதத்துக்கு இரண்டு தரம் அதே பெஞ்சில் வந்து உட்காருகிறார். பத்து வருடம் அந்த பெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மிஸ்ஸிக்கு ‘இவங்க ஒருத்தரும் விடமாட்டாங்க’ என்றுதான் தோன்றும். “சொல்லுங்கள், சொல்லுங்கள்” என்று சுற்றறிக்கை விட்டால் இந்த எண்ணம் போகாது. அவர்கள் சொன்னதால் விட்ட ஆளை அவர்கள் கண்ணுக்குக் காட்டினால்தான் போகும். அதை எப்படிக் காட்டுவது என்று கீழே வருகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1979-ல் லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்ற வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து இடங்களில் 28 சாதாரண குடும்ப வைத்தியர்கள். வேறு வருத்தங்களுக்காக வந்த, புகைக்கிற 2,138 பேர். ஒரு கூட்டத்தாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கூட்டத்தாரிடம் கேள்விகள் மட்டும் கேட்டார்கள். மூன்றாவது கூட்டத்தாருக்கு டொக்டர் ஓரிரு நிமிடம் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொன்னார். நான்காவது கூட்டத்தாருக்கு அதோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, ‘பிறகு விசாரிப்போம்’ என்றும் சொன்னார்கள். ஒரு வருடம் விட்டே இருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 0.3, 1.6, 3.3, 5.1.

‘நூறு பேருக்கு அஞ்சு பேர்தானா?’ என்று உங்கள் டொக்டர் உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கட்டும். அவரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். அவர் நாளொன்றுக்குப் புகைக்கிற ஐந்து பேரிடம் மட்டும் ஒரு நிமிடம் பேசுகிறார் என்று வையுங்கள். வருடத்தில் 250 வேலை நாள் என்றால் 1,250 பேர். லண்டன் கணக்கு நம் மலைநாட்டு அட்டனில் அப்படியே பலிக்காது. பாதிக்கும் கீழே இறக்கி நூற்றுக்கு இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். 25 ஆட்கள். புகையை விடாமல் தொடர்கிறவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. அப்படியென்றால் ஒரே வருடத்தில், நாளுக்கு ஐந்து நிமிடச் செலவில், பத்துப் பன்னிரண்டு வீடுகளில் இழவு தள்ளிப்போகிறது. பிரஷர் குளிசை எழுதுவதற்கு இதைவிட அதிக நேரம் செலவழிக்கிறோம்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது 5.1 அல்ல. 3.3-க்கும் 5.1-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. ஒரு காகிதமும், ‘பிறகு விசாரிப்போம்’ என்ற ஒரு வாக்கும் சேர்ந்து செய்த வேலை அது. வாக்கின் பங்குதான் பெரிது என்பது என் எண்ணம். நம் ஆட்களுக்கு இது இன்னும் பொருந்தும். தோட்டத்தில் ஒரு ஆளை யாராவது பேர் சொல்லி விசாரிப்பது என்றால் அது பெரும்பாலும் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில், பேர் போடுவதற்காக. ‘போன தடவை பீடி குறைக்கிறேன்னு சொன்னீங்களே, எப்படி இருக்கு?’ என்று ஒரு டொக்டர் ஞாபகம் வைத்துக் கேட்டால், அந்த ஆள் அதை லயம் முழுக்கச் சொல்வார்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். டிபி (காசநோய்) வருத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பழைய கங்காணி. வயது அறுபதுக்கு மேல். சட்டைப் பையில் பீடிக் கட்டு துருத்திக்கொண்டு நின்றது. பெஞ்சில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, “மருந்தை வாங்கிக் குடிச்சிட்டு வெளியில போய்ப் பீடி பத்த வைக்கிறீங்களே, எங்களைப் பைத்தியக்காரன்னு நெனச்சீங்களா?” என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆறு மாதம் விடாமல் எடுக்க வேண்டிய மருந்தை என் வாயால் பாதியில் நிற்க வைத்துவிட்டேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு தரம் லயத்துக்கு ஏறிப் போய்த்தான் அவரைக் கூட்டிவந்தார். அன்றைக்குத் தனியே உட்கார வைத்து, “தாத்தா, பீடி எப்பருந்து?” என்று மட்டும் கேட்டேன். பன்னிரண்டு வயதில், கொந்தரப்பு (ஒப்பந்த) வேலைக்குப் போன அப்பாவுக்கு அடுப்பில் பற்ற வைத்துக் கொடுத்துப் பழகியதாகச் சொன்னார். அரை மணி நேரம் அவர்தான் பேசினார். உடனே விட்டாரா என்றால் இல்லை. நாலு மாதம் கழித்து விட்டார்.

ஆகவே உங்கள் ஆட்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது புகையிலையின் கெடுதலை அல்ல, அது நோயாளிக்கே தெரியும். சிகரெட் பெட்டியில் 80 சதவீத இடத்தை அழுகின நுரையீரலும் புற்று வந்த வாயும் அடைத்திருக்கிறது, 2015-லிருந்து அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். (ஒன்றொன்றாக உதிரியாக வாங்குகிறவர் பெட்டியையே பார்ப்பதில்லை, பீடிக் கட்டு வாங்குகிறவரும் கட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.) கற்றுக்கொடுக்க வேண்டியது கேட்கிற விதம்.

“புகைப்பீங்களா?” என்று கேட்டால் “இல்லீங்க டொக்டர்” என்றுதான் வரும். பொய் என்றும் சொல்ல முடியாது. பலருக்குப் புகைப்பது என்றால் சிகரெட். பீடி கணக்கில் வராது, சுருட்டு அதற்கும் வெளியே, வெற்றிலையோடு போடுகிற புகையிலை எதிலுமே சேர்த்தி இல்லை. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்: “பீடியா, சிகரெட்டா, சுருட்டா? வெத்திலைக்குப் போயிலை வைக்கிறதுண்டா?” குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இருக்கக்கூடாது. ‘சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா மருந்து எடுக்கிறீங்க’ என்று கேட்கிற அதே குரல். மனைவி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் பொறுத்து, பிரஷர் பார்க்கும்போது தனியாகக் கேட்பது நல்லது. மனைவி முன்னால் மானம் போனால் ஆள் அடுத்த முறை வரமாட்டார். மனைவியின் உதவி தேவைப்படும், ஆனால் அதை நோயாளியின் சம்மதத்தோடு கேட்க வேண்டும்.

அடுத்த கேள்வி: “எழும்பி எவ்வளவு நேரத்துல முதல் பீடி?” ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட இந்தக் கேள்வி அதிகம் சொல்லும். அரை மணி நேரத்துக்குள், அதாவது பிரட்டுக்கு இறங்குமுன்னே ஒன்று தேவைப்படுகிறது என்றால் புகையிலையில் ஆளை அடிமையாக்குகிற நிக்கொட்டினின் பிடி பலமாக இருக்கிறது, வெறும் வாய்வார்த்தை போதாது என்று அர்த்தம். பத்து மணித் தேத்தண்ணிக்குத்தான் முதலாவது என்றால் அவருக்குப் பெரும்பாலும் பேச்சே போதும்.

பிறகு ஒரே வசனத்தில் அவருடைய வருத்தத்தோடு முடிச்சுப் போட வேண்டும். “உங்க இருமலுக்கு நான் குடுக்கிற மருந்தைவிடப் பீடியை விடுறதுதான் பெரிய மருந்து. விடுறதுக்கு நாங்க கூட இருக்கோம்.” அவ்வளவுதான். 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி இப்படியான சுருக்கமான அறிவுரையை, அரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள், புகையிலை பாவிக்கிற எல்லோருக்கும் வழக்கமான வேலையாகவே கொடுக்கச் சொல்கிறது. ‘விட விருப்பமா’ என்று கேட்டு, விருப்பம் என்றவர்களுக்கு மட்டும் உதவுவது என்ற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விருப்பம் வாரத்துக்கு வாரம் மாறுகிற சாமான். பேரப்பிள்ளை பிறந்த வாரம் இருக்கும், சம்பளத்தில் கடன் பிடித்த வாரம் இருக்காது. நாம் ஒவ்வொரு தடவையும் கேட்டால்தான் ஏதோ ஒரு தடவை அந்த வாரத்தில் போய் விழும்.

சரி, நேரம் இல்லை என்கிற பிரச்சினை. டொக்டர் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. நம் ஊரில் நோயாளி கையோடு கொண்டுவருகிற கிளினிக் கொப்பி இருக்கிறதே, அதன் மட்டையில் ஒரு முத்திரை குத்துங்கள். பீடி, சிகரெட், சுருட்டு, போயிலை என்று நாலு கட்டம், பக்கத்தில் திகதி. எடையும் பிரஷரும் பார்க்கிற மிஸ்ஸி கேட்டு அடையாளம் போடுவார். கொப்பி மேசைக்கு வரும்போது டொக்டர் கண்ணில் அது படும், அவர் ஒரு வசனம் சொல்வார். மருந்து கொடுக்கிற இடத்தில் மூன்றாவது ஆள், “டொக்டர் பீடியைப் பத்திச் சொன்னாரா?” என்று கேட்பார். மூன்று வாயிலிருந்து ஒரே பேச்சு. அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தால் கேட்பது கூடும் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம், மனுஷ ஞாபகத்தை நம்பியிருந்தால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

மேலே ‘காட்ட வேண்டும்’ என்றேனே, அது இந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. விட்டவர் மட்டையில் ‘விட்டது’ என்று திகதியோடு எழுதி, மிஸ்ஸிமார் அறையில் ஒரு பெரிய கொப்பியிலும் பதியுங்கள். பேர் வேண்டாம், ‘58 வயது, மேல் டிவிஷன், பீடி, 40 வருடம், விட்டு 3 மாதம்’ என்று போதும். ஆறு மாதத்தில் பத்து வரி சேரும். அந்தப் பத்து வரி செய்கிற வேலையை எந்தப் பயிற்சிப் பட்டறையும் செய்யாது. இதை நான் இரண்டு இடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு இடத்தில் பிடித்தது. இன்னொரு இடத்தில் பொறுப்பாளர் மாறியதும் கொப்பி அலுமாரிக்குள் போய்விட்டது.

ஊழியர்கள் கேட்கத் தொடங்கியதும் நோயாளிகளிடமிருந்து கேள்விகள் வரும். பதில் தெரியாமல் முழித்தால் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் மலையில் வழக்கமாக வருகிற நாலைந்தைச் சொல்லிவைக்கிறேன்.

“குளிருக்குத்தான் டொக்டர்.” நிக்கொட்டின் தோலுக்கு அருகில் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, கைவிரல் இன்னும் குளிர்ந்துதான் போகும். சூடு பீடி நுனியில் மட்டும்தான்.

“பீடி இல்லாட்டி காலையில வெளிக்கிப் போகாது.” சிரிக்காதீர்கள், இது உண்மை. நிக்கொட்டின் குடலைத் தூண்டும், விட்ட முதல் சில வாரம் மலச்சிக்கல் வரும். பல லயங்களில் கக்கூசுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிற நிலையில் ஒரு மனிதருக்கு இது சின்ன விஷயமில்லை. எழும்பியதும் சுடுதண்ணி, பப்பாசி, கீரை, தேவைப்பட்டால் சில நாளைக்கு மருந்து. முதலிலேயே ‘இப்படி வரும், போயிரும்’ என்று சொல்லிவைத்தால் பயப்படமாட்டார்.

“விட்டதும் இருமல் கூடிருச்சு.” சிலருக்குக் கூடும். மூச்சுக்குழாயின் உள்ளே சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. சில வாரத்தில் அடங்கும். ஆனால் சளியில் இரத்தம், உடம்பு இளைப்பு, ராத்திரி வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல் என்றால் இந்த விளக்கத்தைச் சொல்லி அனுப்பிவிடக்கூடாது, சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். புகைக்கிறவர்களுக்கு டிபி வருகிற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற இடத்தில் அது ஒருவரோடு நிற்காது.

“ராத்திரி தூக்கமில்லை, படபடன்னு வருது.” இதற்குத் தேத்தண்ணியை விசாரியுங்கள். பீடிப் புகையில் இருக்கிற தார்ப் பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, கஃபெயினை வேகமாகக் கழிக்கச் செய்கின்றன. புகை நின்றால் அந்த வேகம் குறையும், அதே எட்டுக் கோப்பை பிளேன்டீயில் உடம்பில் தங்குகிற கஃபெயின் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். ஆள் பீடியை விட்டதால் இப்படி ஆகிறது என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார். தேயிலை நாட்டில் தேத்தண்ணியைக் குறைக்கச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் பாதியாக்கச் சொல்லுங்கள், பின்னேரத்துக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதே காரணத்தால் டொக்டர்மாருக்கு ஒரு எச்சரிக்கை. இழைப்புக்குத் தியோஃபிலின் குளிசை எடுக்கிற ஒருவர் பீடியை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். வாந்தி, படபடப்பு, மோசமானால் வலிப்பு வரை போகும். அளவைக் குறைக்க வேண்டி வரும். மனநல கிளினிக்கில் குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். ‘பீடியை விட்டேன் டொக்டர்’ என்று ஒருவர் சந்தோஷமாகச் சொல்லும்போது, சபாஷ் சொல்லிவிட்டு மருந்துத் துண்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

“பீடியை விட்டுட்டு வெத்திலையில போயிலை மட்டும் போட்டுக்கிறேன்.” கூடாது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். கொழுந்து பறிக்கிற பெண்கள் பீடி தொடுவதில்லை என்றாலும் வெற்றிலைப் பையில் புகையிலை இருக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டோர்ச் லைட் போதும். பல் கிளினிக் ஆட்களை இந்த வேலையில் சேர்க்காமல் விடுவது பெரிய நட்டம்.

காலை எழும்பியதும் பற்ற வைக்கிறவருக்கு மருந்து உதவும். நிக்கொட்டின் மாற்று மருந்துகள் 2009-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, புகையை விட உதவுகிற குளிசைகளான புப்ரோபியனும் வரெனிக்கிளினும் 2021-ல் சேர்ந்தன. பட்டியலில் இருப்பது வேறு, டவுன் பார்மசியில் இருப்பது வேறு, தோட்டச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாவது இன்னும் வேறு. நிக்கொட்டின் சூயிங்கம் கிடைத்தால் பாவிக்கிற முறையை நம் ஆட்களுக்குச் சொல்வது சுலபம்: சாதாரண சூயிங்கம் மாதிரி ஓயாமல் மெல்லாமல், கொஞ்சம் மென்று காரம் தெரிந்ததும் வெற்றிலை அடக்குவதுபோல் கன்னத்தில் அடக்க வேண்டும். சாறை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். போடுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். மருந்து கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆசை ஒவ்வொரு தரமும் சில நிமிடம்தான் எழும்பி அடங்கும், முதல் ஒரு வாரம்தான் மோசம். அந்த வாரத்தில் சம்பள நாள், திருவிழா, இழவு வீடு எதுவும் விழாமல் திகதி குறிக்க வேண்டும். இழவு வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற பீடியில்தான் நிறையப் பேர் திரும்ப விழுகிறார்கள். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 இலக்கத்துக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். நோயாளிக்குக் கொடுக்குமுன் நீங்களே ஒருமுறை அழைத்து, தமிழில் பேசுகிறவர் எந்நேரம் இருப்பார் என்று கேட்டு, அந்த நேரத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

தோட்ட டிஸ்பென்சரியையும் குடும்பநல உத்தியோகத்தரையும் மறக்க வேண்டாம். கர்ப்பிணி வீட்டுக்குப் போகிற மிட்வைஃப் மிஸ்ஸி, புகைக்கிற புருஷனைப் பார்க்கிற நேரம் நம்மில் யாருக்கும் கிடைக்காது. பிள்ளை பிறக்கப் போகிற மனுஷன் கேட்கிற நிலையில் இருப்பான்.

கடைசியாக அந்த டொக்டர். வைத்தியசாலையில் புகைப்பதற்கு எதிராக 2006-ம் ஆண்டின் 27-ம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு போனால் அவர் இன்னும் நல்ல மறைவிடம் தேடுவார், உங்கள் கொப்பித் திட்டத்துக்கும் எதிரி ஆவார். பிரித்தானியாவில் 1951-ல் தொடங்கி 34,439 ஆண் வைத்தியர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு இருக்கிறது. ரிச்சர்ட் டொல் முன்நின்று நடத்தியது. புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முந்திச் செத்தார்கள். அறுபதில் விட்டவருக்கு மூன்று வருடமும், ஐம்பதில் ஆறும், நாற்பதில் ஒன்பதும், முப்பதில் விட்டவருக்கு ஏறக்குறைய பத்தும் திரும்பக் கிடைத்தது. செத்தவர்களும் பிழைத்தவர்களும் எல்லாம் டொக்டர்மார். புகையிலையைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி அவர்கள் உடம்பிலிருந்து வந்தது. அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து அவர் மேசையில் வைக்கலாம், அவர் வாசிப்பார். ஆனால் அதற்கு முதல், யாரும் இல்லாத நேரத்தில், ஒரு தேத்தண்ணியோடு போய், “டொக்டர், எழும்பி எவ்வளவு நேரத்துல முதலாவது?” என்று கேளுங்கள். அவர் சொல்கிறதைக் கேட்டுவிட்டு, ‘அடுத்த கிழமை விசாரிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த கிழமை விசாரியுங்கள்.